ஓசை அடங்கிய பள்ளத்தாக்கு

புகைவண்டிப் பருவச்சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர்களுக்குச் சொந்த ஊர் என்பது இரவில் மட்டும் காணக் கிடைக்கும் பொருள். 1980 முதல் 2011 வரை 31 ஆண்டுகள் நாமும் அவ்வினத்தைச் சேர்ந்தவராகவே இருந்தோம். குடியிருப்பு டோம்பிவிலியில், அலுவலகம் பம்பாய்க் கோட்டைப் பகுதியில், ஒரு வங்கியில். இடையே ஏறத்தாழ 48 கிலோமீட்டர். டோம்பிவிலியில் எந்தத் தெருவில் எந்த மரம் எந்தத் திங்களில் பூக்கும் என்பது பணி ஓய்வு பெற்ற பின்னரே நமக்குத் தெரிய வந்தது. இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் பலரும் நம் உடன்பயணிகள் ஆதலின், இதனை மேலும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2018ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நாமும் துணைவியாரும் இங்கிலாந்து சென்றோம். சர்ரே மாவட்டத்தில் ஷியர் என்னும் சிற்றூரில் நம் மகளும் மருமகனும் வாடகை வீட்டில் குடியிருந்தனர். பேரனுக்கு அப்போது நான்கு வயது. "ஊர் ஓவியம் போல் இருக்கும் அப்பா, இரண்டு மாதம் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகலாம்" என்று மகள் அழைத்திருந்தாள். அழைப்பில் வேறொரு நோக்கமும் இருந்தது. அவ்வூரிலேயே ஒரு சிறு வீடு விலைக்கு வருவதாக இருந்தது. அதனை வாங்கலாமா, வேண்டாமா என்று நம் கருத்தைக் கேட்க மருமகன் விரும்பினார்.

மகள் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. இலண்டனுக்குத் தென்மேற்கே, கில்ஃபர்டு, டார்க்கிங் என்னும் இரு நகரங்களுக்கிடையே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கில் ஷியர் அமைந்துள்ளது. வடக்கே வெண்மையான சுண்ணப்பாறையால் ஆகிய 'நார்த் டவுன்ஸ்' குன்றுகள் சுவர்போல் எழுந்து நிற்கின்றன. தெற்கே மணற்பாறைக் குன்றுகள். அவற்றின்மேல் பைன் மரக்காடுகள். இரண்டுக்கும் நடுவே டில்லிங்போர்ன் என்னும் ஆறு ஓடுகிறது. ஆறு என்பது மரியாதைக்காகச் சொல்லும் சொல். நம் கண்ணுக்கு அது நன்செய் வாய்க்கால்தான். லீத் ஹில் என்னும் 294 மீட்டர் உயரக் குன்றின் சரிவில் பிறந்து, மேற்கு நோக்கி ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, வெய் ஆற்றில் கலந்துவிடுகிறது. ஆயினும் கோடையிலும் வற்றுவதில்லை. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அத்துணைத் தெளிவு.

ஊரின் நடுவே அவ்வாற்றில் வாத்துகள் மிதக்கின்றன. மரச்சட்டங்களுக்கிடையே வெள்ளைச் சுவர் எழுப்பிய பழைய வீடுகள், வயது முதிர்ந்தோர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நிற்பதுபோல் நிற்கின்றன. வெற்றிவேந்தன் வில்லியம் 1086இல் எடுப்பித்த நிலக்கணக்கேட்டில் இவ்வூரின் பெயர் இடம்பெற்றிருக்கிறது. தேவாலயத்தின் பழைய பகுதிகள் 12ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை. அதன் வாயில் மண்டபத்தை வடிவமைத்தவர் புதுதில்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையை அமைத்த அதே லட்யன்ஸ் என்று அறிந்தபோது, அயலூரில் உறவினர் ஒருவரைக் கண்டதுபோல் இருந்தது.

முதல் இரண்டு நாட்கள் இவ்வழகில் தோய்ந்து கிடந்தோம். மூன்றாம் நாள், பழக்கத்தின் வலிமையால், காலை ஐந்தரை மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. அங்கே ஜூன் திங்களில் ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் எழுந்துவிடுகிறான். சன்னல் வழியே பார்த்தோம். ஒவ்வொரு வீட்டுக் கதவும் ஓசையின்றித் திறந்தது. கையில் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவரோ இருவரோ வெளியே வந்தனர். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கில்ஃபர்டை நோக்கி நகர்ந்தன. அவற்றுள் ஒன்று நம் மருமகனுடையது. அங்கிருந்து இலண்டன் வாட்டர்லூ நிலையத்துக்குப் புகைவண்டி. "கில்ஃபர்டிலிருந்து எத்தனை தொலைவு?" என்று அன்றிரவு கேட்டோம். "முப்பது மைல் மாமா" என்றார். மனக்கணக்காகப் பெருக்கிப் பார்த்தோம்: 48 கிலோமீட்டர்! நாம் சிரித்தோம், துணைவியார் சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததன் காரணம் சில நாட்களில் விளங்கியது. மருமகன் திரும்பி வரும்போது இரவு எட்டரை மணி ஆகிவிடும். வெளியே பகல்போல் வெளிச்சம் இருக்கும். ஆனால் பேரன் உறங்கியிருப்பான். அந்நாட்டு வழக்கப்படி ஏழு மணிக்கே திரையை இழுத்துவிட்டுக் குழந்தையைப் படுக்கவைத்துவிடுகின்றனர். அவன் படுக்கப் போகுமுன் அன்று வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு போய், வாயிற்கதவருகே தந்தையின் கார்ச் சாவி வைக்கும் தட்டில் வைப்பான். காலையில் அப்படம் அங்கே இராது. அதற்குப் பதிலாக ஒரு சிறு தாளில் சிரித்த முகமோ, யானையோ வரையப்பட்டிருக்கும். தந்தையும் மகனும் வாரத்தில் ஐந்து நாட்கள் இவ்வாறே பேசிக்கொண்டனர்.

"யார் சொல்லிக் கொடுத்தது இதை?" என்று மகளைக் கேட்டோம். அவள் நம்மைச் சற்று வியப்போடு பார்த்தாள். "நம் வீட்டில் இருந்ததுதானே அப்பா! என் வீட்டுப்பாட நோட்டை அம்மா உங்கள் சாப்பாட்டு டப்பா பக்கத்தில் வைப்பாள். காலையில் நான் எழுந்து பார்த்தால் உங்கள் கையெழுத்து இருக்கும்" என்றாள். அவள் குறை கூறவில்லை. மகிழ்ச்சியான நினைவாகவே கூறினாள். நமக்குத்தான் அச்சொல் நெஞ்சில் தைத்தது. அந்த நோட்டில் நாம் இட்ட கையெழுத்து நினைவிருக்கிறது. அதில் அவள் எழுதியிருந்தது எதுவும் நினைவில் இல்லை.

அதன்பின் பகற்பொழுதுகளில் பேரனை அழைத்துக்கொண்டு, ஆற்றை ஒட்டியும், ஊருக்குக் கிழக்கும் மேற்கும் பேருந்திலும் சுற்றலானோம். அவ்வூரைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டுமாயின் அதனை அறிந்திருக்க வேண்டுமல்லவா? முதலில் தேவாலயத்துக்குப் போனோம். அதன் வடசுவரில் பூப்போன்ற வடிவில் ஒரு சிறு துளையும், சாய்வாக வெட்டிய மற்றொரு துளையும் உள்ளன. 1329ஆம் ஆண்டு கிறிஸ்டின் என்னும் பெண், ஒரு தச்சரின் மகள், சுவரை ஒட்டிக் கட்டிய சிற்றறையில் தன்னை அடைத்துவிடுமாறு ஆயரிடம் வேண்டி, அவ்வாறே அடைபட்டு நோன்பிருந்தாள். அத்துளைகளின் வழியே திருப்பலி பீடத்தைக் காண்பதே அவளது வாழ்வாக இருந்தது. சில ஆண்டுகளில் அறையை விட்டு வெளியேறினாள். பின்னர் 1332இல் மீண்டும் அடைபட வேண்டி விண்ணப்பித்தாள். உலகை விட்டதும், உலகுக்கு மீண்டதும், மீண்டும் சிறையையே வேண்டியதும் எதனால் என்று ஏடுகள் கூறவில்லை. ஊரின் நடுவே இருந்தும் ஊரைக் காணாமல் வாழ்ந்தவள் அவள். அத்துளையின் முன் நின்றபோது நமக்கு டோம்பிவிலி நினைவுக்கு வந்தது.

மற்றொரு நாள் மேற்கே சில்வொர்த் என்னும் ஊருக்குப் போனோம். ஆற்றங்கரையில் அடர்ந்த மரங்கள். அவற்றுக்கிடையே இடிந்த செங்கற்சுவர்கள். புல்லில் புதைந்து கிடக்கும் பெரிய வட்டக் கற்கள். மாவரைத்த கற்கள் போலும் என்று எண்ணினோம். அல்ல, அவை வெடிமருந்து அரைத்த கற்கள். அவ்வாலையை 1626இல் அங்கு நிறுவியது யார் தெரியுமா? கிழக்கிந்தியக் கும்பெனியார்! சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு இடம் பெற்றது 1639இல். அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்னரே, கோட்டை ஏதுமற்ற அவ்வணிகர்கள் இந்தச் சிற்றாற்றின் நீரைக் கொண்டு வெடிமருந்து அரைக்கத் தொடங்கிவிட்டனர். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்தது வெடிமருந்து. கரிக்கு ஆற்றோரத்து ஆல்டர் மரங்கள் இருந்தன. கல்லைச் சுழற்ற நீர்விசை இருந்தது. வெடியுப்பு இந்திய நாட்டிலிருந்து கப்பலேறிப் போயிற்று. பத்தாண்டு முடியுமுன்பே ஆலை கும்பெனியார் கையை விட்டுப் போனபோதிலும், வேறு பலர் கைகளில் அது 1920 வரை நடைபெற்றது. 1901இல் நேர்ந்த வெடிவிபத்தில் தொழிலாளர் 6 பேர் மாண்டனர். இன்று அவ்விடத்தில் கேட்பது பறவைகளின் குரல் ஒன்றே. பேரன் அவ்வட்டக் கல்லொன்றின்மேல் ஏறி நின்று கைகொட்டினான். அக்கல்லின் கதையை அவனிடம் கூற நமக்கு நாவெழவில்லை.

சில்வொர்த்தில் காகித ஆலைகளும் இருந்தன. பணநோட்டுக்குரிய தாளும் அங்கே செய்யப்பட்டது. சர்ரே மண்ணில் பிறந்தவரும், ஏழை உழவர்களுக்காக எழுதுகோல் ஏந்தியவருமான வில்லியம் காபெட், 1822இல் இவ்வழியே குதிரையில் சென்றபோது, இயற்கை இத்துணை அழகாகப் படைத்த பள்ளத்தாக்கில் மனிதன் வெடிமருந்தையும் பணநோட்டையும் கொண்டுவந்து வைத்தானே என்று மனம் கொதித்து எழுதினார். 31 ஆண்டுகள் நோட்டு எண்ணிய கைகள் நம் கைகள். ஆதலின் அப்பெரியாரின் சினத்தில் ஒரு சிறு பங்கினை நாமும் தலைவணங்கி ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

கிழக்கே சென்றால் ஆபிங்கர் ஹாமர். சம்மட்டி என்பதே அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள். ஆற்றை மடக்கிக் குளமாக்கி, அந்நீரின் விசையால் பெருஞ்சம்மட்டியை இயக்கி இரும்படித்த ஊர் அது. இன்று தெருவோரக் கடிகாரத்தில் ஒரு கொல்லன் பொம்மை மணிதோறும் சம்மட்டியால் மணியை அடிக்கிறது. எஞ்சியிருக்கும் கொல்லன் அவன் ஒருவனே. இடையிலுள்ள காம்ஷல் என்னும் ஊரில் தோல் பதனிடும் ஆலை இருந்தது, மாவாலையும் இருந்தது. தோல் ஆலை மறைந்தது. மாவாலை பிற்காலத்தில் உணவு விடுதியாயிற்று. அப்பால் வாட்டன் என்னும் ஊரில் 1620இல் பிறந்தவர் ஜான் ஈவ்லின். அவருடைய முன்னோர் வெடிமருந்து செய்து செல்வம் சேர்த்தவர்கள். அவரோ மரம் வளர்க்கும் கலையைப் பற்றி 1664இல் ஒரு பெருநூல் வெளியிட்டவர். கரிக்காக மரம் வெட்டிய குடியில் மரம் நடச் சொன்ன பிள்ளை பிறந்தது வியப்பன்றோ!

ஆபிங்கரில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரும் வாழ்ந்தார். 1924இல் வெளியான 'எ பாசேஜ் டு இந்தியா' நாவலை எழுதிய இ. எம். ஃபார்ஸ்டர், இருபதாண்டுகளுக்கு மேல் அவ்வூர்வாசி. இந்தியாவைப் பற்றிய அந்நூல் ஈட்டிய பணத்தில் அவர் அங்கே ஒரு சிறு காட்டை விலைக்கு வாங்கினார். வாங்கிய பின்னர் தம் மனத்தில் என்னென்ன மாற்றங்கள் நேர்ந்தன என்று தம்மையே எள்ளி 1926இல் ஒரு கட்டுரை எழுதினார். காடு தம் உடைமை ஆனதும் தாம் கனத்துப்போனதாகவும், வேலிக்கு அப்பாலும் நிலம் வேண்டும் என்று தோன்றியதாகவும், வழிப்போக்கர் பழம் பறித்தால் உள்ளம் துணுக்குற்றதாகவும் அதில் அவர் ஒப்புக்கொள்கிறார். வீடு வாங்குவது பற்றிக் கருத்துச் சொல்லப் போன நமக்கு அக்கட்டுரை தக்க தருணத்தில் நினைவுக்கு வந்தது.

இவற்றையெல்லாம் கண்டபின் ஒன்று புலனாயிற்று. நாம் முதல்நாள் வியந்த அமைதி இயற்கை தந்த கொடையன்று. இப்பள்ளத்தாக்கு பல நூற்றாண்டுகள் சம்மட்டி ஓசையும், ஆலை இரைச்சலும், தோல் நாற்றமும், வெடி அதிர்ச்சியும் நிறைந்த உழைப்பாளர் நிலம். ஆறு உழைத்தது, ஆற்றங்கரை மக்களும் உழைத்தனர். 1849இல் இவ்வழியே இருப்புப்பாதை வந்தது. நம் போரிபந்தர்–தாணா வண்டி 1853இல் ஓடியதற்கு நான்காண்டு முந்தியது அது. நிலக்கரியும் நீராவியும் ஆலைகளை வேறிடங்களுக்கு ஈர்த்தன. தொழில் மெல்ல மெல்ல அகன்றது. ஓசை அடங்கிய இடத்துக்கு முதலில் ஓவியர்கள் வந்தனர். அடுத்துச் செல்வர்கள் வந்தனர். அதன்பின் நாள்தோறும் இலண்டன் சென்று மீளும் அலுவலர்கள் வந்தனர். உழைப்பு ஆற்றங்கரையிலிருந்து இருப்புப்பாதைக்கு இடம் மாறிற்று, அவ்வளவே.

அழகைக் காத்த சட்டங்களையும் பாராட்டத்தான் வேண்டும். இலண்டன் மாநகர் காடு கழனிகளை விழுங்காதபடி, 1938இல் பசுமை வளையச் சட்டம் இயற்றினர். 1947இல் கட்டடங்களை நெறிப்படுத்தும் திட்டச் சட்டம் வந்தது. 1958இல் சர்ரே குன்றுகளைச் சிறந்த இயற்கை எழில் பகுதியாக அறிவித்தனர். இவை இல்லையேல் ஷியரும் ஒரு புறநகர்த் தெருவாகியிருக்கும். டோம்பிவிலியின் வயல்கள் எங்கே போயின என்று நாம் நன்கறிவோம். ஆயினும் புதுவீடு கட்ட இடமில்லாத ஊரில் பழைய வீட்டின் விலை ஏறிக்கொண்டே போகாமல் என்ன செய்யும்? கொல்லனும் தோல் தொழிலாளியும் வாழ்ந்த சிறுகுடிலை இன்று ஒரு கொல்லன் வாங்க இயலாது. தேநீர்க்கடையில் நமக்குப் பரிமாறிய இளம்பெண் கில்ஃபர்டிலிருந்து பேருந்தில் வருபவள். தோட்டங்களில் புல்வெட்டுவோரும் வெளியூரார். காலையில் ஊரார் வெளியே போகின்றனர். ஊருக்கு வேலை செய்வோர் உள்ளே வருகின்றனர். பகலில் ஊரின் அழகை நுகர்பவர் சுற்றுலாப் பயணியரும் நம்மைப் போன்ற முதியோருமே.

அச்சுற்றுலாப் பயணியருள் ஓர் இளம் இணையர் ஒருநாள் நம்மிடமே வழி கேட்டனர். 2006இல் வந்த 'தி ஹாலிடே' என்னும் திரைப்படத்தில் பனிபடர்ந்த ஒரு கற்குடில் வரும். அது எங்கே என்று அவர்கள் தேடினர். உண்மை என்னவெனில், அக்குடில் படப்பிடிப்புக்காகக் கட்டி, முடிந்ததும் பிரித்து எடுக்கப்பட்டது. மகள் இதை நமக்கு முன்பே கூறியிருந்தாள். அவர்களிடம் சொன்னபோது அவர்கள் முகம் வாடிற்று. இல்லாத வீட்டைத் தேடி இவ்வளவு தூரம் வருவரோ என்று முதலில் நகைத்தோம். பின்பு நகைப்பு அடங்கிற்று. நம் மருமகன் வாங்க எண்ணியதும் அத்தகைய வீடுதானோ? குடும்பத்தோடு ஆற்றங்கரையில் உலவும் மாலைப்பொழுது அந்த வீட்டோடு சேர்ந்து கிடைக்கும் என்று அவர் நம்பினார். அம்மாலைப்பொழுதோ விற்பனையில் சேர்ந்ததன்று.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, ஆற்றோரம் நடக்கையில் அவர் கேட்டே விட்டார்: "என்ன மாமா, வாங்கலாமா? பத்து வருடம் கடுமையாக உழைத்தால் கடன் அடைந்துவிடும். அப்புறம் நிம்மதிதான்." இதே பத்தாண்டுக் கணக்கை நாமும் 1985இல் துணைவியாரிடம் கூறியிருக்கிறோம். அறிவுரை கூறும் தகுதி நமக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஆகவே வீட்டைப் பற்றி ஒன்றும் கூறாமல், வீட்டுப்பாட நோட்டைப் பற்றிக் கூறினோம். "நான் கையெழுத்துப் போட்டேன் மாப்பிள்ளை, படிக்கவில்லை" என்று முடித்தோம். அவர் மறுமொழி கூறவில்லை. வாத்துகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த மகனிடம் போய்ப் பக்கத்தில் குந்தி அமர்ந்தார். துணைவியார் மட்டும் நம்மைத் திரும்பிப் பார்த்தார். அப்பார்வையில் முப்பதாண்டுக் காலத்துக் கணக்கு ஒன்று ஓரளவு தீர்ந்தது.

அவர்கள் ஷியரில் வீடு வாங்கவில்லை. அடுத்த ஆண்டு கில்ஃபர்டில், நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில், ஓவியர் எவரும் திரும்பிப் பாராத ஒரு சாதாரண வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர். கார் ஓட்டும் நேரமும், காருக்கு இடம் தேடும் நேரமும் மிஞ்சின. அந்த மிச்சம் பேரனுக்குப் போயிற்று. 2020இல் பெருந்தொற்று வந்து உலகின் நடையையே நிறுத்தியபோது மருமகனின் பணியும் வீட்டுக்கு வந்தது. அதன்பின் வாரத்தில் இரண்டு நாட்கள் அவர் வீட்டிலிருந்தே பணி செய்யலானார். ஷியரை அவர்கள் மறந்துவிடவில்லை. விடுமுறை நாட்களில் ஆற்றங்கரைக்குச் சென்று வருகின்றனர். உடைமையாக்கிக்கொள்ளாத அழகு கனப்பதில்லை.

அழகிய ஊர் எது என்று இன்று எவரேனும் வினவினால், பகலில் அதன் மக்கள் அதில் வாழ்கின்றனரா என்று திருப்பிக் கேட்கவே நமக்குத் தோன்றுகிறது. சென்ற தீபாவளியன்று தொலைபேசியில் பேரனிடம், "இன்னும் சாவித் தட்டில் படம் வைக்கிறாயா?" என்று கேட்டோம். அவன் வளர்ந்துவிட்டான், கேள்வியே அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. "எதற்குத் தாத்தா? அப்பா கையிலேயே கொடுத்துவிடுகிறேனே" என்றான்.